பன்னிரண்டு மணி வராத நாள்

“மறந்திருப்பாரும்மா. மனுஷன்னா மறதி இருக்கத்தான் செய்யும். நான் ஒரு தடவ பஸ்ஸையே மறந்துட்டு இறங்கி வீட்டுக்குப் போயிட்டேன். உள்ள நாப்பது பேர் உக்காந்திருந்தாங்க.”

“எங்க அண்ணன் மறக்க மாட்டாரு சார்.”

“ஒரு நாள் கூடவா?”

“ஆறு வருஷத்துல ஒரு நாள் கூட.”

அவள் கையிலிருந்த சிறிய தகர டப்பாவை மேசைமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே மூன்று அறைகள். காலைக்கு ஒன்று, பகல் பன்னிரண்டுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. காலை அறை காலி. மற்ற இரண்டிலும் வெள்ளை மாத்திரைகள் அப்படியே இருந்தன.

“அன்னிக்கு அண்ணன் பையில இருந்த டப்பா, ஸ்டேஷன்ல குடுத்தாங்க. வலிப்புக்கான மாத்திரை. அண்ணன் அச்சகத்துல கட்டிங் மெஷின்ல நிக்கிறவரு. நேரம் தப்பினா, நிக்கும்போதே வலிப்பு வந்தா, கை போயிடும். அந்த பயத்துல சுவத்துக் கடிகாரத்தையே பாத்துட்டு இருப்பாரு. பன்னெண்டு காட்டினா வாயில போட்டுப்பாரு.”

மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். காப்பீட்டு நிறுவனத்தில் பத்து வருடம் பொய்களைப் பிடித்துச் சலித்தபின், சொந்தமாக ஒரு துப்பறியும் அலுவலகம் திறந்தவள். ஊருக்கே அவள் மேடம். முதலில் பேசிய ஐம்பது வயதுக்காரர் அவளுடைய உதவியாளர். ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். வேலை போனாலும் ‘விசில்’ என்ற பெயர் போகவில்லை.

“போலீஸ் அவரக் கூட்டிட்டுப் போனது எத்தன மணிக்கு?” என்றாள் மேடம்.

“ரெண்டே கால் இருக்கும். ஒரு மணிக்கு சாப்பாட்டுச் சங்கு ஊதினப்புறம்தான் ஸ்டோர்கீப்பர் செத்துக் கிடந்ததப் பாத்திருக்காங்க.”

“அப்ப பன்னெண்டு மணிக்கு எந்தக் கலவரமும் இல்ல. அண்ணன் மெஷின் முன்னாடி நிக்கிறார். பையில மாத்திரை. எதிர்ல கடிகாரம். ஏன் போட்டுக்கல?”

தங்கை நாற்காலியின் நுனிக்கு வந்தாள். “நேத்து அவரப் பாக்க விட்டாங்க மேடம். இதையேதான் கேட்டேன். ‘பன்னெண்டு மணி வரவே இல்லம்மா, அதுக்குள்ள சாப்பாட்டுச் சங்கு ஊதிட்டாங்க’ன்னு சொன்னாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. புத்தி தடுமாறிப் போச்சோன்னு...”

விசில் டப்பாவின் நடு அறையை எட்டிப் பார்த்தார்.

மேடம் முன்னால் இருந்த தாளைப் பார்த்தாள். தேர்வுக் கேள்வித்தாள்கள் அச்சடிக்கும் அச்சகத்தில், கதவுகளைக் கண்காணிக்கும் சர்வரிலிருந்து எடுத்த பதிவு. போலீஸிடம் கொடுக்கப்பட்ட நகல். அதில் மூன்று வரிகளுக்கு அடியில் சிவப்புக் கோடு இருந்தது. பத்து நாற்பதுக்கு அண்ணனின் கதவு திறக்கும் கார்டு பேப்பர் ஸ்டோருக்குள் போகிறது. பத்து நாற்பத்தொன்பதுக்கு ஸ்டோரில் தீ அணைக்கும் வாயு திறக்கிறது. பத்து ஐம்பதுக்கு அண்ணனின் கார்டு வெளியே வருகிறது. காகிதக் கிடங்கில் தண்ணீர் அடிக்க முடியாது என்பதால் வாயு. அது நெருப்பையும் அணைக்கும், மூச்சையும் அணைக்கும். இயந்திர இரைச்சலில் அபாய மணி யாருக்கும் கேட்கவில்லை. லிவரை இழுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டான் என்பது போலீஸின் கதை. நாளைக் காலை குற்றப்பத்திரிகை.

அவள் விரல் சிவப்புக் கோடுகளைத் தாண்டிக் கீழே இறங்கியது. பதினொன்று ஐம்பத்தெட்டில் ஒரு கதவு. அடுத்த வரி, ஒரு மணி இரண்டு நிமிடம்.

“விசில், இருபது கதவு. நாப்பது பேர். பன்னெண்டுல இருந்து ஒரு மணி வரைக்கும் ஒருத்தர்கூட ஒரு கதவத் திறக்கல.”

“ஒருத்தருக்குமா ஒண்ணுக்கு வரல?” என்றார் விசில்.

மேடம் எழுந்து பையை எடுத்தாள். “அசல் பதிவ அவங்க ஏழு நாள்தான் வெச்சிருப்பாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பழசு தானா அழிஞ்சிடும். இன்னிக்கு ஏழாவது நாள்.”

அச்சகத்தின் வாசலில் ஒரு பெரிய மர அலமாரி. புறாக்கூண்டு போல நாற்பது அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு போன், ஒரு கைக்கடிகாரம். உள்ளே போகிறவர்கள் எதையும் எடுத்துப் போகக் கூடாது. கேள்வித்தாள் வெளியே போகாமலிருக்க அந்தக் கட்டுப்பாடு. உரியவர்கள் இல்லாமல் நாற்பது கடிகாரங்கள் அந்த இருட்டுக்குள் துடித்துக்கொண்டிருந்தன.

“பேனா, பேப்பர், போன், வாட்ச்,” என்று கையை நீட்டினார் வாயிற்காவலர்.

“பல்லு?” என்றார் விசில்.

“சொந்தப் பல்லா?”

“ரெண்டு வாங்கினது.”

“பரவால்ல, இருக்கட்டும்.”

தன் கடிகாரத்தைக் கழற்றும்போது மேடம் நேரத்தைப் பார்த்துக்கொண்டாள். மூன்றாக ஐந்து நிமிடம். தங்கைக்கு உள்ளே அனுமதி இல்லை. அவள் டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றாள்.

உள்ளே ஜன்னல்களே இல்லை. நீளமான நடை, வெள்ளை விளக்குகள், இருபதடிக்கு ஒன்றாகச் சிவப்பு எண்களில் எரியும் கடிகாரங்கள். எல்லாம் ஒரே நொடியில் மாறின. கடலுக்கடியில் நடப்பது போல் இருந்தது மேடத்துக்கு. மேலே வெயிலா மழையா என்று இங்கிருப்பவர்களுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

நடையின் திருப்பத்தில் டீ தயாரிக்கும் மேடை. அங்கிருந்த அக்கா, பிரிக்காத அட்டைப் பெட்டி ஒன்றைக் கத்தியால் கிழித்துக்கொண்டிருந்தாள். விசில் போய் மேடையில் சாய்ந்துகொண்டார்.

“புது கப்பா அக்கா? எங்களுக்குத்தானா?”

“இப்பத்தான் வந்தது சார். வேளைக்கு ஆளுக்கு ஒண்ணுன்னு கணக்கா மாசத்துக்கு அனுப்புவாங்க. எப்பவும் மிஞ்சாது, குறையாது. இந்த மாசம் ஒரு வேளை முன்னாடியே தீந்து போச்சு. நேத்து சாயங்காலம் எல்லாருக்கும் டம்ளர்ல குடுத்து, கழுவிக் கழுவிக் கை வெந்துடுச்சு.”

“ஒரு நாளைக்கு எத்தன?”

“காலைல நாப்பது, சாயங்காலம் நாப்பது.”

“எத்தன குறைஞ்சது?”

“சரியா நாப்...” அக்காவின் கத்தி நின்றது. அவள் விசிலைப் பார்த்தாள், பின்னால் நின்ற மேடத்தைப் பார்த்தாள். முகத்தில் கதவு சாத்தியது போல் ஆயிற்று. “எனக்குக் கணக்கெல்லாம் தெரியாது சார். வேல கெடக்கு.”

அவள் இரண்டு கப்பில் டீயை ஊற்றி மேடையில் தள்ளிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

“நாப்பது பேர் ஒரு நாள் காலைல ரெண்டாவது தடவையா டீ குடிச்சிருக்காங்க,” என்றார் விசில், நடந்துகொண்டே. “சங்கு ஊதினாத்தான் இங்க டீ. அப்ப பதினோரு மணிச் சங்கு ரெண்டு தடவ ஊதியிருக்கு. ஒருத்தன்கூட வாயத் திறக்கலயே மேடம்?”

“நீங்க திறப்பீங்களா?”

“ரெண்டாவது டீய மறுத்து நான் எதுக்கு நல்ல பேர் வாங்கணும்?”

“அதேதான். அதோட, இங்க இடைவேள ஒரு நிமிஷம் கூடினாலும் சீட்டுக் கிழியும். மறுநாள் சொன்னா, ‘ஏன் அன்னிக்கே சொல்லல’ன்னு நாப்பது சீட்டும் கிழியும்.”

சர்வர் அறை குளிர்ந்து கிடந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியே அச்சு இயந்திரங்களும், குனிந்த தலைகளும் தெரிந்தன. உள்ளே ஸ்வெட்டர் போட்ட ஒருவர் எழுந்து கும்பிட்டார். கதவுகள், சங்கு, கடிகாரங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. தொழிலாளிகள் அவரை மணிக்காரர் என்பார்கள்.

“வாங்க மேடம். மேலாளர் போன் பண்ணிச் சொன்னார். பாவம் அந்தக் கட்டிங் ஆளு. எனக்கே மனசு ஆறல.” அவர் குரல் நோயாளியின் அறையில் பேசுவது போல இருந்தது.

சுவரில் சிவப்பு எண்கள் மூன்று ஏழு என்றன. விசில் டீ கப்பை விரல் மாற்றி விரல் பிடித்தார். “யம்மா, என்ன சூடு.”

மேடம் உட்காரவில்லை. “இந்தக் கட்டடத்தோட நேரத்த யாரால மாத்த முடியும்?”

“என்னாலதான்.” அவர் தயங்கவே இல்லை. “இந்த சர்வருக்கு வெளியுலகத்தோட ஒட்டும் இல்ல உறவும் இல்ல. வெளிய இருந்து நேரம் வாங்கிக்காது. இது சொல்றதுதான் இங்க நேரம். ஆனா அன்னிக்கு நான் லீவு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நாள் முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சுல இருந்தேன். நர்ஸுங்களே சொல்லுவாங்க.”

“ஆள் இல்லாமலே மாத்தலாமா?”

“ஸ்கிரிப்ட் எழுதி வெச்சா மாத்தலாம்.”

“சினிமாவுக்கு எழுதுவாங்களே, அதுவா?” என்றார் விசில்.

மணிக்காரர் சிரித்தார். “கிட்டத்தட்ட. முன்னாடியே வரிவரியா எழுதி வெச்சிடறது. இத்தன மணிக்கு இதச் செய், அப்புறம் அதச் செய். மெஷின் எதிர்க்கேள்வி கேக்காம நடிச்சிடும். நேரத்த மாத்தறதுக்கு ஒரே ஒரு வரி போதும். திரும்பச் சரியாக்கவும் ஒரு வரி. உள்ள பேட்டரில ஓடற இன்னொரு கடிகாரம் இருக்கு, யார் கண்ணுக்கும் படாது. அதப் பாத்து நொடி பிசகாம சரியாக்கிக்கும்.”

“வாயுவத் திறக்க?”

“அதுக்கும் ஒரு வரிதான் மேடம்.”

பூட்டை உடைத்த திருடனே பூட்டைப் பற்றிப் பாடம் எடுப்பது போலிருந்தது மேடத்துக்கு. “அசல் பதிவப் பாக்கணும். போலீஸுக்குக் குடுத்தது இல்ல. வரிசப்படுத்தாதது.”

“தாராளமா. நீங்களே திறங்க.” அவர் தன் நாற்காலியை இழுத்து விட்டார். கைகளை ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். “இதோ, இந்தப் பேர்மேல ஒரு தட்டு தட்டுங்க.”

மேடம் தட்டினாள். திரையில் வரிகள் பொலபொலவென்று கொட்டின. ஒவ்வொரு வரியின் தலையிலும் ஒரு வரிசை எண், பக்கத்தில் நேரம், கதவு, கார்டு.

விசில் குனிந்தார். அவருடைய கேலி முகம் காணாமல் போயிற்று. இருபது வருடம் டிக்கெட் கட்டைகளைப் புரட்டிய கண்கள் திரையில் மேலும் கீழும் ஓடின.

“மேடம், நம்பரப் பாருங்க. நானூத்திப் பன்னெண்டு, அண்ணன் ஸ்டோர விட்டு வெளிய வர்றார், பத்து அம்பது. வாயு திறந்தது ஐநூத்தி ஏழு. நேரம் பத்து நாப்பத்தொம்பது. தொண்ணூத்தஞ்சு டிக்கெட் தள்ளிக் கிழிச்ச டிக்கெட்ல, அதுக்கு முந்தின ஸ்டாப்பு பேர் போட்டிருந்தா என்ன அர்த்தம்?”

“பஸ் திரும்பிப் பின்னாடி போயிருக்கு,” என்றாள் மேடம்.

“நானூத்தி நாப்பதுல பாருங்க. பதினொண்ணு இருபது. அடுத்த வரி, பத்து இருபது.”

மேடம் மெதுவாகப் பேசினாள், தனக்கே சொல்லிக்கொள்வது போல. “அண்ணன் பத்து நாப்பதுக்குப் பேப்பர் ரீல் எடுக்கப் போறார். பத்து அம்பதுக்கு வெளிய வந்துடறார். எல்லாரும் டீ குடிக்கிறாங்க. பதினொண்ணு இருபதுக்கு ஸ்கிரிப்ட் ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுது. டீக்கு அப்புறம் ஸ்டோர்கீப்பர் கதவச் சாத்திட்டுத் தனியா இருப்பு பாக்கிற வழக்கம். ரெண்டாவதா வந்த பத்து நாப்பத்தொம்பதுல வாயு திறக்குது. பக்கத்துல யாருமே இல்ல. அப்புறம் பன்னெண்டு ஆகப்போற நேரத்துல ஒரு மணிக்குத் தாவிடுது. எல்லாம் பழையபடி சரியாயிடுது. நேர வாரியா அடுக்கி நகல் எடுத்தா ரெண்டு மணி நேரமும் ஒண்ணுமேல ஒண்ணு படிஞ்சிடும். செத்தவர் கூட அண்ணன் நிக்கிற மாதிரி இருக்கும்.” அவள் திரும்பினாள். “ஸ்டோர்கீப்பர் என்ன பாத்தார்? கேள்வித்தாள் வெளிய போறதயா?”

மணிக்காரரின் பார்வை அவளுக்கு மேலே, சுவரில் இருந்தது.

“மேடம்,” என்றார் விசில். “என் டீ இன்னும் சுடுது.”

“குடிங்களேன்.”

“உதடு வெக்க முடியல மேடம். உள்ள வரும்போது மூணு ஏழு. இப்ப அங்க பாருங்க.”

சிவப்பு எண்கள் நான்கு ஐம்பத்தொன்பது என்றன. கண்ணாடிக்கு அப்பால் நடையெங்கும், கூடமெங்கும் எல்லாக் கடிகாரங்களும் நான்கு ஐம்பத்தொன்பது என்றன. கீபோர்டில் யாரும் கை வைக்கவில்லை. மணிக்காரரின் கைகள் இன்னும் ஸ்வெட்டர் பைக்குள்தான் இருந்தன.

மேடத்துக்குப் புரிந்தது. அந்தப் பெயரைத் தட்டியது அவள். பதிவை யார் திறந்தாலும் விழித்துக்கொள்ளும்படி இன்னொரு ஸ்கிரிப்ட் காத்துக் கிடந்திருக்கிறது.

“நிறுத்துங்க!”

ஐந்து. சங்கு ஊதியது. சுவர், மேசை, பற்கள் எல்லாம் அதிர்ந்தன. திரையில் வரிகள் மேலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. நானூற்றுப் பன்னிரண்டு போயிற்று. நானூற்று நாற்பது போயிற்று. ஐநூற்று ஏழும் போனபின் வெள்ளைத் திரை மட்டும் மிஞ்சியது.

“நமக்கே சங்கு ஊதிட்டாங்க மேடம்,” என்றார் விசில். சிரிப்பு வரவில்லை.

“ஏழு நாள் ஆச்சுன்னா தானா அழியும்னு உங்களுக்கே தெரியுமே,” என்றார் மணிக்காரர் அதே மெல்லிய குரலில். “கடைசியா அதத் திறந்தது யாருன்னு சர்வர் குறிச்சு வெச்சிருக்கும். பார்வையாளர் கார்டு, உங்களோடது. நான் எதையும் தொடல. நான் எப்பவும் எதையும் தொடறதில்ல.”

“எனக்கு நம்பர் ஞாபகம் இருக்குய்யா,” என்றார் விசில். “நானூத்திப் பன்னெண்டு, ஐநூத்தி ஏழு. செத்தாலும் மறக்காது.”

“வேலை போன கண்டக்டர் சொல்றத யார் சார் எழுதிப்பாங்க?”

கண்ணாடிக்கு அப்பால் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நாற்பது பேரும் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருவன் தோளைக் குலுக்கினான். பிறகு பைகளை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்கள், சற்று வேகமாகவே.

மேடம் ஓடத் தொடங்கியிருந்தாள். “அழியாத பதிவு இன்னும் நாப்பது இருக்கு விசில்! வாங்க!”

வாசலில் வெயில் கண்ணைக் கூசச் செய்தது. உச்சியிலிருந்து கொஞ்சமே சாய்ந்த, வெள்ளை வெளேரென்ற வெயில். அலமாரிக்கு முன்னால் வரிசை நின்றிருந்தது. ஒவ்வொருவராகக் கடிகாரத்தை எடுத்துக் கட்டினார்கள். கட்டும்போது பார்த்தார்கள். மூன்று பதினெட்டு. பார்த்த ஒவ்வொருவரின் கையும் ஒரு கணம் நின்றது. பிறகு சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடிக்கொண்டார்கள்.

“யாரும் போகாதீங்க!” மேடம் வழியை மறித்து நின்றாள். “இப்ப மணி அஞ்சு இல்ல, உங்க கையிலயே இருக்கு. இதே மாதிரிதான் போன வாரமும் நடந்தது. அன்னிக்குக் காலைல டீச் சங்கு ரெண்டு தடவ ஊதுச்சு. பன்னெண்டு மணி வரவே இல்ல. பதிவ அழிச்சுட்டாங்க. இனிமே அதச் சொல்ல உங்களத் தவிர யாரும் இல்ல. ஒருத்தர் சொன்னாப் போதும், உங்க கூட நின்ன மனுஷன் வெளிய வந்துடுவார்.”

வரிசை அசையவில்லை. டீ அக்கா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

பின்னாலிருந்து மணிக்காரர் நிதானமாக நடந்து வந்தார். யாரையும் மிரட்டவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

“சர்வர்ல ஏதோ கோளாறு. இன்னிக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சம் உங்களுக்கு. மேலாளர்கிட்ட நான் பேசிக்கிறேன், யாருக்கும் சீட்டுக் கிழியாது. பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரம். வீட்டுக்குப் போங்க.”

முதல் ஆள் மேடத்தைச் சுற்றிக்கொண்டு போனான். அடுத்தவனும் போனான். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. விசில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார், டிக்கெட் எடுக்காதவனைத் தேடுவது போல. ஒருவரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

வேலிக்கு வெளியே தங்கை, தன்னைக் கடந்து போகிற முதுகுகளைப் பார்த்தபடி நின்றாள். கடைசியாக ஒரு கனத்த ஆள் வந்தார். அண்ணனுக்குப் பக்கத்து மெஷின்காரர். அவள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவர், அவள் பிள்ளையைத் தோளில் தூக்கி நடந்தவர். அவளைக் கண்டதும் அவர் நின்றார். கடிகார வாரின் ஒரு முனை கொக்கியில் மாட்டாமல் தொங்கியது.

அவள் டப்பாவைத் திறந்தாள். நடு அறையில் மாத்திரை வெயில் பட்டு வெண்மையாக இருந்தது.

“அண்ணே,” என்றாள். “அவர் பக்கத்துலதானே நின்னீங்க. அன்னிக்குப் பன்னெண்டு மணி வரலன்னு, அத மட்டும் வந்து சொல்லுங்கண்ணே.”